தேய்ந்த பக்கம்

ஜான் தலோன் தெருவில், புனித ஏதோ ஒருவரின்
தேவாலய நிலவறையில்
இரண்டு டொலருக்கு வாங்கினேன்.
தகரப்பெட்டி. மூடியில் குதிரைப்படை:
பிரெஞ்சுக்காரர் யாரையோ
இன்னும் வென்றுகொண்டிருக்கிறார்கள்.
உள்ளே, தொட்டு எழுதுகிற பேனாவுக்கான
முப்பத்தொரு முள்ளுகள்
நெத்தலிக் கருவாடுபோல
ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன.
பிடி ஒன்று இலவசம்.
விற்ற சொலாஞ் சில்லறை எண்ணியபடி
கவனம், குத்தும், என்றாள்.

புது முள்ளில் எண்ணெய் பூசியிருப்பார்களாம்
துருப்பிடிக்காதிருக்க.
மை அதில் நிற்காது,
சேம்பிலைத் தண்ணீராய் உருண்டோடும்.
உருளைக்கிழங்கில் குத்தி எடுத்தால் சரியாகுமாம்.
இரவுக் கறிக்கு வைத்திருந்ததில்
ஒன்றைப் பலிகொடுத்தேன்.
கால்மணி நேரம்
முள் குத்திய கிழங்கு மேசையில் இருந்தது.
குலேந்தி வந்து பார்த்துவிட்டு
ஆருக்குச் செய்வினை, என்றான்.

ஊதா மை.
மேலிருந்து கீழே இழுத்தால்
கால் இரண்டும் அகன்று தடித்த கோடு.
கீழிருந்து மேலே போனால் மயிரிழை.
அது பிரெஞ்சுக்குச் செய்த முள்,
வலப்பக்கம் சாய்ந்து நடக்கிற எழுத்துக்கு.
என் கையோ பீச்சாங்கை.
என் எழுத்தோ நின்ற இடத்தில் சுழிக்கிற எழுத்து.
மூன்று சுழி 'ண'வை எழுதிப் பார்த்தேன்:
முதற் சுழியில் தடுமாறி
இரண்டாம் சுழியில் தாளைக் கிழித்து
மூன்றாவதில்
காறித் துப்பியது.

எழுத்தை விட்டுப் படம் கீறினேன்.
ஆம், எங்கள் பக்கம் படம் வரைவதில்லை,
கீறுவதுதான்.
இந்த முள்ளுக்கு அந்தச் சொல்லே காணும்.
சன்னலுக்கு வெளியே இரும்புப் படிக்கட்டு
மூன்றாம் மாடிவரை முறுக்கிக்கொண்டு ஏறுகிறது.
பெப்ரவரி. படிக்கு ஒரு சாண் பனி.
பனியைக் கீற முடியாது,
பனியைச் சுற்றித்தான் கீறலாம்.
ஈர மையில் கை விளிம்பு இழுபட்டு
படிக்கட்டு பாதி தாளில்
பாதி என்னில்.

பெட்டியின் அடியில்
இளஞ்சிவப்பு ஒற்றுத்தாள் ஒன்று மடிந்திருந்தது.
குளியலறைக் கண்ணாடிக்குக் காட்டினேன்.
ஊறிக் கலங்கி, வரிமேல் வரி.
எல்லாம் ஒரே பிரெஞ்சு வரி:
நான் இனி இடக்கையால் எழுதமாட்டேன்
நான் இனி இடக்கையால் எழுதமா
நான் இனி

பெயர் இல்லை. ஆண்டு இல்லை.
குழாயை மூடிவிட்டு
கொஞ்சநேரம் அங்கேயே நின்றேன்.

பகலில் நான் பல் செய்கிறவள்.
பீங்கானில் கடைவாய்ப்பல், வேட்டைப்பல்.
வாய்க்குரியவரை ஒருநாளும் கண்டதில்லை,
அச்சு மட்டும் பெட்டியில் வரும்.
அதைப் பார்த்தே சொல்வேன்
இவர் எந்தப் பக்கம் மெல்லுவார்,
இவள் நித்திரையில் பல் நெரிப்பாள்,
இவனுக்கு நகம் கடிக்கும் பழக்கம்
போகவேயில்லை என்று.

வேலைக்கு மாட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு
முப்பத்தொன்றையும் விளக்கடியில் திருப்பினேன்.
இருபத்தாறு புதியவை.
நாலு, வலக்கை தேய்த்தவை.
ஒன்று
மற்றப் பக்கம்.

சாடையாக இல்லை. நன்றாகவே.
நூறு வரி, இருநூறு வரியில்
இரும்பு இப்படித் தேயாது.
எங்கே ஒளிந்திருந்து எழுதியதோ அந்தக் கை.
கட்டிலுக்குக் கீழா, கோழிக்கூட்டுக்குப் பின்னாலா.
என்னத்தை எழுதியதோ.

இதற்குக் கிழங்கு தேவைப்படவில்லை.
தொட்டேன். உதறினேன். வைத்தேன்.
மூன்று சுழியும்
ஒரே மூச்சில் சுழித்துக்கொண்டு வந்து
காலூன்றி நின்றது.
பிறகு இரண்டு பக்கம் வெறும் 'ண'.
கறி அடிப்பிடித்தது.

திங்கட்கிழமை, கையுறை மாட்டும் நேரம்
ஒடில் என் கை விளிம்பைப் பார்த்துவிட்டாள்.
ஊதா, சோப்புக்குப் போகாத ஊதா.
என்ன நடந்தது, என்றாள்.
படிக்கட்டு, என்றேன்.
ஐயோ, உப்புத் தூவாமல் இறங்காதே, என்றாள்.
சரி என்றேன்.